எல்லாருக்கும் சித்தி

அன்புக்கரசி என்னென்ன ஜெயித்தாள் என்று கேட்டால் அவள் அண்ணன் வடிவேலு விரல் விட்டு எண்ணிச் சொல்வான். முதலில் கன்னியப்பன் தோட்டத்துக்கு இரண்டாவது அடிபம்பு. கேட்கப் போன ஆண்கள் எல்லாரும் சளைத்துத் திரும்பிய பிறகு, காலிக் குடத்தோடு வார்டு ஆபீஸ் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துபோகிறவர்களைப் பார்த்து, "சாப்டுங்க சார், கை கழுவ தண்ணி கீதில்ல?" என்று தினமும் விசாரித்து வாங்கியது அது. அடுத்தது பாலுவைக் கட்டிக்கொண்டது. இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். ஆட்டோ ஓட்டுகிறவன் ஒரு இடத்தில் நிலைக்கமாட்டான் என்றார்கள். சாகும்வரை நிலைத்தான். 2015 வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்தபோது, "நா வரல, என் டிவி கீது" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவரை டிவியோடு சேர்த்து வெளியே கொண்டுவந்தாள். பிறகு ஆற்றோரத்து வீடுகளைக் காலி செய்ய லாரிகள் வந்து தோட்டத்தின் பாதியைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிக்கொண்டு போனபோது மீதிப் பாதியை நிற்க வைத்தாள். மகள் ஜானுவை பி.காம். படிக்க வைத்தாள், ஒரு அரியர்கூட இல்லாமல். படித்தது ஜானுதான் என்றாலும் வடிவேலு அதைத் தங்கையின் கணக்கில்தான் சேர்ப்பான். கடைசியாக, மகளிர் தின விழாவில் மியூசிக்கல் சேர் ஆடி ஒரு எவர்சில்வர் குடம். மூட்டுவலியோடு, இருபது வயசுப் பெண்களை எல்லாம் தாண்டி. யாரையும் தள்ளவில்லை என்று அவள் சொல்வாள். தள்ளினாள். வடிவேலு பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இந்த வரிசையில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவனால் இன்றுவரை முடிவு செய்ய முடியாதது ஒன்று உண்டு. அது அவள் போட்ட முதல் கையெழுத்து.

மந்தைவெளியிலிருந்து ஆற்றுப் பக்கமாக இறங்கினால் கன்னியப்பன் தோட்டம். பேர்தான் தோட்டம். ஒரு முருங்கை மரத்தைத் தவிர அங்கே வேறெதுவும் வளர்ந்து வடிவேலு பார்த்ததில்லை. அப்பா மீன்பாடி வண்டி மிதித்தார். அம்மா மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அந்த நாளில் தோட்டத்துக்கே ஒரு அடிபம்புதான். அவர்கள் வீட்டு முறை வருவதும் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதும் ஒரே நேரம். வடிவேலு முன்பே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டிருந்தான். அன்புவுக்குச் சேரும் வயது வந்தபோது வரிசையில் குடம் வைத்துக்கொண்டு நிற்க வீட்டில் வேறு ஆள் இல்லை. இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷமும் அதே பம்புதான் இருந்தது. அவள் பின்னாளில் இரண்டாவது பம்புக்காக அப்படி உட்கார்ந்ததற்கு இதுதான் காரணமா என்று வடிவேலு ஒருமுறை கேட்டான். "போண்ணா, தண்ணி வேணும்னு உக்காந்தேன்" என்றாள்.

வடிவேலு எட்டாவதோடு நிறுத்தித் தையல் மெஷினுக்கு வந்தான். லஸ் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவன் கடை. புதுத் துணி தைப்பதில்லை. பிடிக்கிறது, விடுகிறது, சிப் மாற்றுகிறது. கால் இஞ்ச் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி போடுவான். அன்பு மயிலாப்பூரில் வீட்டு வேலைகளை முடித்துவிட்டு மத்தியானத்தில் வந்து அவனுக்குப் பட்டன் கட்டிக்கொடுப்பாள்.

ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போவது எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. வலி எடுத்த பெண்கள், வலிப்பு வந்த பிள்ளைகள், சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள் என்று தோட்டத்தில் யாராவது ஒருவருக்கு எப்போதும் ஏதாவது ஆகிக்கொண்டிருந்தது. ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், அல்லது வேலை இல்லாமல் எங்காவது போயிருப்பார்கள். பாலுவின் ஆட்டோ இருந்தது. அன்பு பின்னால் ஏறி உட்கார்ந்து மடியில் ஆளைச் சாய்த்துக்கொள்வாள். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடமாட்டாள். வார்டில் கூட இருந்து, பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோய், பெட்பேன் எடுத்து, மாத்திரை வாங்கும் வரிசையில் நின்று, ஆளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டால்தான் அவளுக்கு வேலை முடிந்த மாதிரி.

அந்த நாளில் ஒரு கிழவியைச் சேர்த்தபோது, மகள் என்று சொல்லி உள்ளே போனாள். மகள் என்றதும் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். எழுதத் தெரியாது என்றாள். வெள்ளைக் கோட்டுப் பையன் ஒருவன் அவள் கட்டை விரலைப் பிடித்து மையில் அமுக்கி, காகிதத்தில் உருட்டி, பிறகு பிடித்திருந்தது ஒரு மனுஷியின் கை என்பதையே மறந்தவன் போல விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அவள் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வந்தாள். அன்று வடிவேலுவிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவையிலிருந்து அவள் யாருக்கும் மகளாகவோ அம்மாவாகவோ போகவில்லை.

நஸ்ருன்னிசாவின் பிரசவத்தில்தான் அந்த வார்த்தை அகப்பட்டது. நஸ்ருன்னிசா பக்கத்து வீடு. அவள் புருஷன் ஷரீஃப் தி.நகரில் பை ரிப்பேர் கடை வைத்திருந்தான். வலி எடுத்த அன்று சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தான். பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் தடுத்தாள்.

"சொந்தக்காரங்க மட்டும்தான். நீ இன்னா ஆவணும்?"

"சித்தி."

நர்ஸ் அன்புவின் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளின் புர்காவைப் பார்த்தாள்.

"பொட்டு வெச்ச சித்தியா?"

"எங்க ஊட்ல அப்டித்தான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசு மாதிரி கீது."

"நான் கடைக்குட்டிமா. இவ அம்மா மொதல்ல பொறந்துட்டா, நா இன்னா பண்றது?"

வலியில் கத்திக்கொண்டிருந்த நஸ்ருன்னிசா கத்துவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். ஷோயப் பிறந்தான். அன்றிலிருந்து அவள் அன்புவை "காலா" என்றே கூப்பிட்டாள். அவர்கள் வீட்டில் சித்திக்கு அதுதான் பேர்.

சித்தி என்ற சொல்லில் இருந்த வசதியை அன்பு உடனே புரிந்துகொண்டாள். அம்மா என்றால் காகிதம் வரும். அக்கா தங்கை என்றால் அப்பா பேர் கேட்பார்கள். சித்திக்கு ஆதாரம் யாரும் கேட்பதில்லை. எல்லா வீட்டிலும் ஒரு சித்தி உண்டு, ஜாடை ஒத்துப்போக வேண்டியதில்லை, இனிஷியலும் வேறாக இருக்கலாம். உள்ளே விடும் அளவுக்குச் சொந்தம், கையெழுத்துக் கேட்காத அளவுக்குத் தூரம். அதைப் பிடித்துக்கொண்டாள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, லிப்ட்காரர், ஆயாம்மாக்கள் என்று அந்த அரசு ஆஸ்பத்திரி முழுக்க அவளைச் சித்தி என்றார்கள். "இன்னா சித்தி, இன்னிக்கு யாரு?" என்பார் செக்யூரிட்டி. "அக்கா பையன்" என்பாள். "உங்க அக்காவுக்கு எத்தினி புள்ளிங்க?" என்று கேட்டுக்கொண்டே கேட்டைத் திறப்பார். தோட்டத்திலும் அது பரவிவிட்டது. அவளைவிடப் பெரியவர்கள்கூடச் சித்தி என்றார்கள். வடிவேலுவின் கடைக்கு வருகிறவர்கள், "நீங்க சித்தியோட அண்ணனா?" என்று கேட்டால் அவன் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து ஆமாம் என்பான்.

பாலு போனபோது மட்டும் அந்தச் சொல் உதவவில்லை. கொரோனா இரண்டாம் அலை. அப்போது கேட் எல்லாருக்கும் மூடியிருந்தது, பெண்டாட்டிக்கும், சித்திக்கும்.

ஜானு படித்து முடித்துத் தரமணியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். ஆபீஸ் பஸ் வந்து அழைத்துப்போகும். கழுத்தில் அட்டை தொங்கும். அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது: அம்மாவுக்கு பேங்கில் அக்கவுண்ட் ஆரம்பிக்க வேண்டும், அதைக் கைநாட்டில் ஆரம்பிக்கக் கூடாது.

"ஏண்டி, ரேஷன் கடைல பட்டாளமே வெரல் வெக்குது" என்றாள் அன்பு. ரேஷன் கடையில் மெஷின் வந்து, படித்தவர்களும் வரிசையில் நின்று கட்டை விரலை அமுக்க ஆரம்பித்தபோது, "இப்ப எல்லாரும் என் கட்சி" என்று சிரித்தவள் அவள்.

"அது வேற, இது வேற. நீ போடற."

"அவ்ளோ நீட்டுப் பேரு. ராணின்னு வெச்சிருந்தா போட்டுட்டுப் போயிருப்பேன்."

ஒரு நோட்டில் ஜானு பால்பாயிண்டில் எழுதிக் கொடுத்தாள். பேனா அன்புவின் கையில் நிற்கவில்லை. அழுத்தினால் காகிதம் கிழிந்தது, அழுத்தாவிட்டால் ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் கடைக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். வடிவேலு ஒரு கறுப்பு பேண்ட் துணித் துண்டை எடுத்து மெஷின் பலகையில் விரித்து, அளவு போடும் சாக்பீஸால் பெரிதாக எழுதினான். அன்புக்கரசி. அவள் அதன்மேலேயே சாக்பீஸால் போனாள். தட்டினால் அழிந்துவிடும், மறுபடி போடலாம் என்பதில் அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. பட்டன் கட்டி முடித்ததும் துணியை எடுத்து வைத்துக்கொள்வாள். 'அ'வின் சுழிக்கு முதலில் நாக்கைக் கடித்துக்கொள்வாள், பிறகு கடிக்காமலே வந்தது. 'க்'குக்குப் புள்ளி வைப்பதும் வந்தது. கடைசி எழுத்தில்தான் தகராறு. 'ச' போட்டதுமே வேலை முடிந்தது என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவாள். மேலே போட வேண்டிய வளைவு விட்டுப்போகும்.

"அன்புக்கரச" என்று ஜானு வாசித்துக் காட்டுவாள். "யாரும்மா இந்த ஆளு? மேனேஜர் தேடப்போறாரு."

"வளைவு இல்லன்னா நா இல்லாமப் பூடுவனா?"

"ஆமா. இல்லாமதான் பூடுவ."

தைப்பூசம் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போவதாக ஏற்பாடு. ஜானு ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவைத்திருந்தாள். வடிவேலுவும் கடையை மூடிவிட்டு வருவதாகச் சொன்னான். ஒரு கையெழுத்துக்கு மூன்று பேரா என்று அன்பு கேலி செய்தாள். ஆனால் புடவையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்த செவ்வாய்க்கிழமை, சாயங்காலம், தரமணியில் ஆபீஸ் பஸ்ஸுக்காக ரோட்டைத் தாண்டிய ஜானுவை ஒரு பைக் அடித்தது. தலை பிளாட்பாரத்தின் விளிம்பில் பட்டது. கூட வேலை செய்த பெண்ணொருத்தி போன் செய்தாள்: ஜானு கண்ணைத் திறக்கவில்லை, 108இல் ஏற்றிவிட்டோம், எந்த ஆஸ்பத்திரி என்று இதோ கேட்டுச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி பேரைக் கேட்டதும் அன்புவுக்கு, அந்த நிலையிலும், கொஞ்சம் தைரியம் வந்தது. அவளுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி. கேட்டில் நிற்பவரிலிருந்து எல்லாரையும் தெரியும். கையில் கிடைத்த ஆட்டோவில் ஏறினாள். பையை எடுக்கவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது மட்டும் பழக்கத்தில் நடந்தது.

பழக்கத்தில் இன்னொன்றும் நடந்தது.

விபத்து கேஸ் என்றால் வாசலிலேயே போலீஸ் அவுட்போஸ்ட்டில் எழுதிக்கொள்வார்கள். செக்யூரிட்டி, "வா சித்தி, சீக்கிரம் வா" என்று கூட்டத்தை விலக்கினார். ஸ்ட்ரெச்சரில் ஜானுவின் செருப்பில்லாத கால் ஒன்று மட்டும் தெரிந்தது. ஏட்டு தலை நிமிராமல் கேட்டார்: "பேரு? வயசு? கூட யாரு?"

"நான்தான் சார்."

"ஒறவு?"

எத்தனையோ பேருக்காகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய். அது தானாகவே திறந்து சொன்னது.

"சித்தி."

சொன்னது அவளுக்கே தெரியவில்லை. ஏட்டு எழுதிக்கொண்டார். அங்கிருந்து அது உள்ளே போகும் சீட்டில் ஏறியது.

வடிவேலு போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் எடுத்து முடித்திருந்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, திறந்து எடுக்க வேண்டும் என்றார் டூட்டி டாக்டர். சின்ன வயசுக்காரர். கண்ணைப் பார்த்தால் ஒரு நாள் முழுக்கத் தூங்காதவர் மாதிரி இருந்தது. கையில் காகிதம் வைத்திருந்தார்.

"அம்மா அப்பா யார் வந்திருக்கீங்க?"

"அப்பா இல்ல சார். நான்தான் அம்மா."

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "சித்தின்னு எழுதியிருக்கு."

"இல்ல சார், நாந்தான் அம்மா."

"ஏம்மா, கொண்டுவந்தப்ப நீங்கதானே சித்தின்னு சொன்னீங்க?"

அன்பு ஏட்டின் மேஜை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"தப்பா சொல்லிட்டேன் சார். வாய்ல வந்துடுச்சு. நா பெத்த பொண்ணு சார்."

"அம்மாவான்னு கேட்டா யாராவது தப்பா சொல்வாங்களா?"

அந்த நேரம் பார்த்து ஒரு ஆயாம்மா வந்தாள். அன்புவுக்கு உதவ வேண்டும் என்று நல்ல மனசோடுதான் வந்தாள். "டாக்டர், இவங்கள எனக்கு நல்லாத் தெரியும். நம்ம சித்தி. பத்து வருஷமா வராங்க." லிப்ட்காரர் எட்டிப் பார்த்து, "சித்திதான் சார், தங்கமான ஆளு" என்றார். செக்யூரிட்டியும் தலையாட்டினார். அந்தக் கட்டடத்தில் அவளுக்காகச் சாட்சி சொல்ல எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"பாருங்கம்மா, எல்லாரும் சொல்றாங்க" என்றார் டாக்டர். அவர் குரலில் கோபம் இல்லை. "போன மாசம் இப்படித்தான் ஒருத்தர் பெரியப்பான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அப்பா வந்து எங்க மேல கேஸ் குடுத்தார். யாருமே இல்லாத பேஷண்ட்னா நாங்க ரெண்டு டாக்டரா கையெழுத்துப் போட்டு எடுத்துடுவோம். இந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்கன்னு நீங்களே சொல்றீங்க. அவங்களை வரச் சொல்லுங்க."

"வந்துட்டேன் சார்" என்றாள் அன்பு.

வடிவேலு முன்னால் வந்தான். "சார், நா இந்தப் பொண்ணோட மாமா."

"மாமாவா? இங்க எல்லாரும் மாமாதானே."

"தாய்மாமன் சார்."

"சரி. இவங்க அம்மான்னு காட்ட ஏதாவது இருக்கா? ரேஷன் கார்டு, ஆதார், எதுவானாலும். நான் பெரிய டாக்டர்கிட்டயும் பேசறேன். அவர் தியேட்டர்ல இருக்கார்."

ரேஷன் கார்டு வீட்டில். வீடு பூட்டியிருக்கிறது. அன்பு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். வடிவேலு வெளியே ஓடி ஆட்டோ பிடித்தான். அன்று மயிலாப்பூரில் தெப்பத்தின் கடைசி நாள். குளத்தைச் சுற்றி ஊரே இறங்கியிருந்தது. ஆட்டோ லஸ் தாண்டியதும் நின்றது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, பலூன் வாங்கிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு ஜனம் நகர்ந்தது. "இன்னா நைனா, தெப்பத்துக்கா?" என்று ஆட்டோக்காரன் பேச்சுக்கொடுத்தான். வடிவேலு எட்டி முன்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தான். தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது. எந்தத் துணியையும் பிரித்து மறுபடி சரியாகப் போடத் தெரிந்த கை மடியில் சாவியோடு கிடந்தது.

பிறகுதான் நஸ்ருன்னிசாவின் நினைப்பு வந்தது. போன் போட்டான்.

"நஸ்ரு, அன்பு ஊட்டுப் பூட்ட ஒடைம்மா. ரேஷன் கார்டு பீரோல கீது. போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பு. இப்பவே."

"அண்ணா, காலாவுக்கு இன்னா ஆச்சு?"

"ஜானுவுக்கு. ஒடை, சொல்றேன்."

குழவிக்கல்லால் பூட்டை அடிக்கும் சத்தம் போனிலேயே கேட்டது. கார்டின் படம் வந்து விழுந்தபோது ஆட்டோ அதே இடத்தில்தான் நின்றது. அன்புவின் கையில் இருப்பது பட்டன் போன், அதற்குப் படம் போகாது. வடிவேலு இறங்கி, கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிறகு ஓடினான். ஐம்பது வயசுக்கு மேல் அவன் ஓடியது அன்று ஒரு நாள்தான்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். குடும்பத் தலைவி அன்புக்கரசி, மகள் ஜானு. கழுத்து அட்டையிலிருந்த பேரோடு ஒத்துப்பார்த்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், யாரிடம் என்றில்லாமல். காகிதத்தை நர்ஸிடம் கொடுத்தார்.

நர்ஸ் அன்புவின் கையைப் பார்த்துவிட்டு, "கைநாட்டா? பேடு எங்க போச்சு?" என்று மேஜையில் தேடினாள்.

"வேணாம்" என்றாள் அன்பு. "நா கையெழுத்து போடறேன்."

பேனாவை வாங்கினாள். காகிதத்தில் எழுத வேண்டிய இடம் கறுப்புத் துணியைப் போலப் பெரிதாக இல்லை, ஒரு கோட்டளவுதான் இருந்தது. 'அ' போட்டாள். மெதுவாகத்தான் வந்தது. பக்கத்தில் டாக்டர் காத்திருந்தார், கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. வடிவேலுவுக்கு அவள் கையைப் பிடித்து அவனே எழுதிவிடலாம் போல இருந்தது. அவன் எழுதினால் அது செல்லாது. ஒவ்வொரு எழுத்தாக அவள் போய் முடிக்கும்வரை நின்று பார்ப்பதைத் தவிர அவனுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. முடித்தாள். நர்ஸ் காகிதத்தை இழுத்துக்கொண்டாள்.

"இரும்மா" என்றாள் அன்பு. "குடு. மேல வளைவு போடல."

"பரவால்ல, விடுங்க."

"குடு."

காகிதத்தைத் திரும்ப வாங்கி வளைவைப் போட்டாள். நர்ஸ் சித்தி என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் தாய் என்று எழுதினாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று.

ஜானு பிழைத்தாள். வலது கையும் வலது காலும் இன்னும் முழுசாக வரவில்லை. பேச்சு வருகிறது, ஒவ்வொரு வார்த்தைக்கும் கொஞ்சம் தேடுகிறாள். கம்பெனியில் ஆறு மாதம் பார்த்தார்கள், பிறகு கடிதம் அனுப்பினார்கள். அன்பு வேலை செய்த வீடுகளில் மயிலாப்பூர் மாமி ஒருத்தி மட்டும், "ஆத்துல பொண்ணைப் பாத்துண்டு முடிஞ்சப்ப வா" என்று வைத்துக்கொண்டாள். அந்தத் தாமதத்தால்தான் இப்படி ஆயிற்றா, தாமதம் ஆகாமல் இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா என்று அன்பு ஒவ்வொரு டாக்டரிடமும் கேட்டாள். ஒருவர், அதைச் சொல்ல முடியாது என்றார். ஒருவர், இப்போது அதை யோசித்து என்ன ஆகப்போகிறது என்றார். ஒருவர் கேள்வியே காதில் விழாதவர் மாதிரி மருந்து எழுதினார். பிசியோதெரபி செய்யும் பெண்ணிடமும் கேட்டாள். பிறகு அண்ணனிடம் கேட்டாள். வடிவேலு சொன்னான், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல அன்பு." அவன் அதை நம்பித்தான் சொன்னானா என்று அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவன் ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டான்.

தோட்டத்துக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவளும் போவதை நிறுத்தவில்லை. இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு காலை ஷரீஃபுக்கு நெஞ்சு வலித்தது. நஸ்ருன்னிசா வந்து நின்றதும் அன்பு ஜானுவை ஷோயப்பின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். வடிவேலுவும் கூட ஏறிக்கொண்டான். ஷரீஃபையும் நஸ்ருன்னிசாவையும் உள்ளே அனுப்பினார்கள். புதுசாக வந்த செக்யூரிட்டி ஒருவன், அவளைத் தெரியாதவன், அன்புவைத் தடுத்தான்.

"நீங்க இன்னா ஒறவு?"

வடிவேலு அவள் வாயைப் பார்த்தான். ஒரு வார்த்தைதான். சொன்னால் கேட் திறக்கும்.

"பக்கத்து ஊடு" என்றாள்.

"பக்கத்து ஊட்டயெல்லாம் உள்ள வுட முடியாதும்மா. வெளிய நில்லுங்க."

உள்ளேயிருந்து நஸ்ருன்னிசா திரும்பிப் பார்த்தாள். "காலா, வா."

"நீ போ. நா இங்கதான் கீறேன்."

செக்யூரிட்டி வடிவேலுவிடம் திரும்பினான். "நீங்க?"

"அண்ணன்."

"யாருக்கு?"

"இவளுக்கு."

"உள்ள கீறவருக்கு இன்னா வேணும்னு கேட்டேன் நைனா."

"ஒண்ணும் இல்ல."

இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். பிளாஸ்க் அன்புவின் கையில் இருந்தது. பழைய செக்யூரிட்டி டீ குடித்துவிட்டு வந்து, "இன்னா சித்தி, ஏன் வெளியில?" என்றார். அவள் பிளாஸ்கை மட்டும் அவரிடம் கொடுத்து, "ஷரீஃப்னு ஒருத்தரு, நெஞ்சு வலி. அவரு சம்சாரம் கைல குடு" என்றாள். அவர் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்.

"ண்ணா, அன்னிக்கு இன்னா தேதி?"

"என்னிக்கு?"

"நா கையெழுத்து போட்டேன்ல. ஜானு கேட்டுகினே கீது. அதுக்குத் தெரியணுமாம்."

வடிவேலுவுக்கு அதை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தெப்பத்தின் கடைசி நாள், செவ்வாய்க்கிழமை, 2023 பிப்ரவரி 7.